எதிரொலியை ஏமாற்றிய உதடு

என் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய காலத்து லிஃப்ட். இரும்புக் கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி, மூலையில் ஒரு ஸ்டூல். மணி அடித்தால் ஸ்டூலை விட்டு எழுவார், போவார், ஏற்றுவார், இறக்குவார், திரும்ப வந்து உட்காருவார். மணி அடிக்காவிட்டால் கூரையே இடிந்து விழுந்தாலும் அசைய மாட்டார். அதே ஆஸ்பத்திரியில் எனக்கு லாண்டரியில் வேலை. அழுக்குப் போர்வை மூட்டையோடு அந்த லிஃப்ட்டில் ஏறி இறங்கித்தான் அவர் எனக்குப் பழக்கம்.

எல்லாரும் அவரை எதிரொலி என்பார்கள். நாம் வணக்கம் வைத்தால் வணக்கம் வைப்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் சாப்பிட்டாச்சு என்பார். நாம் வாயைத் திறக்காவிட்டால் மாடிக்குப் போய்ச் சேரும்வரை கம்பிக் கதவைப் பார்த்தபடி இரண்டு பேரும் நிற்க வேண்டியதுதான். திமிர் என்று முதலில் நினைத்தேன். திமிர் இல்லை. அவர் எதையும் தானாக ஆரம்பிக்க மாட்டார், அவ்வளவுதான்.

கல்யாணம்கூட அப்படித்தான் நடந்தது. என் மகள் நாலாவது மாடியில் எக்ஸ்ரே அறையில் உதவியாள். தினமும் அந்த லிஃப்ட்டில்தான் போவாள். ஒருநாள் அவளுக்கே பொறுமை போய்விட்டது.

"தினமும் ஏறுறேன். ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா?"

"நாலாவது மாடி."

"அது எனக்கே தெரியும். வேற ஏதாவது கேளுங்க."

"நீங்க கேளுங்க."

"சரி, என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"ம்."

இதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்த ம்முக்காவது அவரு வாயத் தொறந்தாரா, இல்ல மூக்காலயே சொன்னாரா?" என்று கேட்டாள்.

ஆனால் இந்தக் குணம்தான் குத்துச்சண்டையில் அவரை யாராலும் அசைக்க முடியாதவராக ஆக்கியது. எங்கள் ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் ஊழியர் தினத்தில் குத்துச்சண்டை வைப்பார்கள். காலையில் அதே கையால்தான் நோயாளியைத் தூக்கியிருப்பார்கள், சாயங்காலம் ஒருத்தரை ஒருத்தர் மூக்கில் குத்திக்கொள்வார்கள். டாக்டர்கள் பக்கத்திலேயே இருப்பதால் இதைவிடப் பாதுகாப்பான விளையாட்டு கிடையாது என்று நிர்வாகம் சொல்லும்.

மாப்பிள்ளை மேடையில் ஏறினால் கையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான். எதிராளி குத்துவான். இவர் தலையை ஒரு மயிரிழை சாய்ப்பார். குத்து காதோரமாகக் காற்றில் போகும். போன கையை அவன் திருப்பி இழுப்பதற்குள் இவருடைய குத்து அவன் முகத்தில் உட்கார்ந்திருக்கும். பிறகு மறுபடியும் பழைய இடத்தில், பழைய மாதிரி, மணிக்காகக் காத்திருக்கும் லிஃப்ட் மாதிரி நிற்பார். ஆட்டம் முடியும்வரை எதிராளி தன்னைத்தானே அடித்துக்கொள்வது போல இருக்கும்.

இவரைத் தோற்கடிப்பது எப்படி என்பதுதான் எங்கள் கேன்டீனில் வருஷம் முழுக்க நடக்கும் ஆராய்ச்சி. மேடையில் காலே வைக்காதவர்கள்தான் அதிகம் பேசுவார்கள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு வருஷம் துரத்திப் பார்த்தார். மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். கடைசியில் அவரையே ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். "துரத்தக் கூடாதுய்யா, வழிய மறிச்சு மூலைக்குத் தள்ளணும்" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். அடுத்த வருஷம் பிணவறைக் காவலாளி வழியை மறித்தார். நன்றாகத்தான் மறித்தார். ஆனால் மறித்தது அவரே நின்ற மூலையை. மாப்பிள்ளை எதிர் மூலையில் நிம்மதியாக நின்றார்.

"தலை ஆடும், உடம்பு ஆடாது. வயித்துல குத்து" என்றார் மருந்துக்கடைக்காரர். யோசனை சரியானதுதான். தோட்டக்காரர் அதைச் செய்தார். வயிற்றில் குத்தக் குனிந்தபோது அவருடைய தலை, தட்டில் வைத்து நீட்டியது போல, மாப்பிள்ளை கைக்கு நேராக வந்து நின்றது. "ஒரு குத்தோட நிறுத்தாதே, நாலு குத்து சேர்த்துப் போடு" என்று சமையல்காரருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் மறந்துவிடக் கூடாதே என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே குத்தினார். நாலு சொல்லி முடித்ததும் மாப்பிள்ளை அஞ்சாவதைக் கொடுத்தார்.

எல்லாரையும்விட அதிகமாகத் தோற்றவர் பாய்லர்காரர். எங்கள் லாண்டரிக்கு நீராவி அனுப்புபவர் அவர்தான். கை ஒவ்வொன்றும் உலக்கை. ஒரு குத்து பட்டால் ஆளுக்குப் பிறந்த தேதி மறந்துபோகும். ஆனால் அந்த ஒரு குத்து படவே படாது. மணி அடித்ததும் திறந்த வால்வு மாதிரி பாய்ந்து வருவார். மூக்கு வீங்கித் திரும்பிப் போவார். மறுநாள் காலையில் நான் போனால், "அண்ணே, உங்க மருமகன் மனுசனா, இல்ல கண்ணாடியா? எவ்வளவு வேகமாப் போறேனோ அவ்வளவு வேகமாத் திரும்பி வருது" என்பார்.

இந்த வருஷம் ஆட்டத்தில் ஒரு சிக்கல் சேர்ந்துகொண்டது. புது லிஃப்ட் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் தானே போகும், தானே நிற்கும், எந்த மாடி என்றுகூடத் தானே சொல்லும். மாப்பிள்ளையைவிட நன்றாகப் பேசுகிறது என்று நர்சுகள் சிரித்தார்கள். பழைய லிஃப்ட்டை மாதக் கடைசியில் நிறுத்தப்போவதாகச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஓட்டுகிறவர் கதி என்ன என்று ஒட்டவில்லை.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. போன வருஷம் கோப்பை கொடுக்கும்போது சூப்பரின்டெண்டு மைக்கில் சொல்லியிருந்தார்: நம்முடைய சாம்பியனை நிர்வாகம் ஒருபோதும் கைவிடாது. அதனால் இந்த வருஷமும் ஜெயித்தால் வேலை நிற்கும், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். மகள் குழந்தை பெற்று அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"போய் சூப்பரின்டெண்டுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்பாள் மகள், மாப்பிள்ளையிடம்.

"அவரே கூப்பிடுவாரு."

"அவரு எதுக்குக் கூப்பிடுறாரு? மணி அடிக்கிறதுக்கு அவரு என்ன லிஃப்ட்டுக்கா நிக்கிறாரு?"

எதிரொலிக்கே பதில் கிடைக்காத ஒரே இடம் என் மகளுக்கு எதிரில்தான்.

சூப்பரின்டெண்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவரை இதுவரை எந்த மனுவும் தொட்டதில்லை. நேரில் போனால் எழுத்தில் கொடுங்கள் என்பார். எழுத்தில் கொடுத்தால் நேரில் வந்து விளக்கச் சொல்வார். விளக்கப் போனால் அறையில் இருக்க மாட்டார். அறையில் பிடித்துவிட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். யூனியன் தலைவர் பத்து வருஷமாக அவர்மேல் வீசிய குத்தெல்லாம் காற்றில்தான் போயிருக்கிறது. மாப்பிள்ளையாவது வருஷத்தில் ஒருநாள்தான் மேடை ஏறுகிறார்.

இப்போது என் பேத்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நகராது. நகர்ந்தாலும் நான் சொல்லத்தான் போகிறேன். அப்படி ஒரு குழந்தையை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை. பிரசவ வார்டு அக்காவே சொன்னார். எல்லாத் தாத்தாக்களிடமும் அவர் அதையே சொல்வதாகச் சிலர் சொல்வார்கள். அவர்கள் பேச்சை நான் எடுத்துக்கொள்வதில்லை.

அந்தக் குழந்தையின் கெட்டிக்காரத்தனம் இது. தொட்டிலில் படுத்திருப்பாள். திடீரென்று கீழுதட்டை மெல்லப் பிதுக்குவாள். ஒரு தோளைத் தூக்குவாள். ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி அழப்போகிறாள் என்று நமக்குத் தோன்றும். மாப்பிள்ளை பாய்ந்துபோய்க் கையை நீட்டுவார். அதற்குள் உதடு உள்ளே போய்விடும். ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்குவாள். இவர் நீட்டின கையோடு அசடு வழிய நிற்பார். போய் உட்காருவார். உடனே உதடு மறுபடி வெளியே வரும். மேடையில் யாராலும் ஏமாற்ற முடியாத மனிதரை, உள்ளங்கை அளவு முகத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு சாயங்காலம் முழுக்க ஓட்டுவாள்.

என் மகளிடம் மட்டும் இந்த வேலை பலிக்காது. "உதடு பிதுங்குற வரைக்கும் நான் எதுக்குக் காத்திருக்கணும்? அதுக்கு முன்னாடியே தூக்கிடுவேன்" என்பாள்.

இதை லாண்டரியில் எல்லாருக்கும் நடித்துக் காட்டினேன். போர்வை மடிக்கிறவர்களுக்கு, இஸ்திரி போடுகிறவர்களுக்கு, பில் வாங்க வந்தவருக்கு. நீராவி போதவில்லை என்று பாய்லர் அறைக்குப் போனபோது அங்கேயும் காட்டினேன். பாய்லர்காரர் கரி அள்ளுவதை நிறுத்திவிட்டுக் கவனித்தார்.

"அண்ணே, இன்னொரு தடவ செய்ங்க."

செய்தேன்.

"முதல்ல உதடா, தோளா?"

"உதடு. அப்புறம்தான் தோளு."

"அவரு உடனே கைய நீட்டிடுவாரா?"

"நீட்டாம? அவரால அடக்கவே முடியாதுப்பா."

"நீட்டுன கைய எடுக்க நேரமாகுமா?"

"அசந்துபோய் அப்படியே நிப்பாரு."

கல்யாணம் ஆகாத ஆள், குழந்தை என்றால் இவ்வளவு உருகுகிறாரே என்று மூன்றாவது தடவையும் நடித்துக் காட்டினேன். அன்றைக்கு நீராவியும் தாராளமாக வந்தது.

ஊழியர் தினம் வந்தது. வண்டி நிறுத்தும் கொட்டகையில் மேடை போட்டார்கள். சுற்றிலும் கட்டிய கயிறு எங்கள் லாண்டரியில் துணி உலர்த்தும் கயிறு. மூன்று நடுவர்கள்: பல் டாக்டர், தோல் டாக்டர், கண் டாக்டர். மூன்று பேரில் கண் டாக்டர்தான் மூக்குக்கண்ணாடியை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். முன்வரிசையில் மகள் பேத்தியோடு உட்கார்ந்தாள். நான் மாப்பிள்ளை மூலையில் தண்ணீர் வாளியோடு நின்றேன்.

மணி அடித்தது. பாய்லர்காரர் பாயவில்லை. நின்றார். மாப்பிள்ளையும் நின்றார். கொட்டகையில் எல்லாரும் சத்தம் போட்டார்கள். "என்னய்யா, போட்டோவுக்கா நிக்கிறீங்க?" என்று ஆம்புலன்ஸ் டிரைவர் கத்தினார்.

அப்போது பாய்லர்காரருடைய கீழுதடு மெல்லப் பிதுங்கியது.

எனக்கு வாளி கையில் கனத்தது. அது எங்கள் வீட்டு உதடு. அந்த வித்தையில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரியாததால், கரி படிந்த அவ்வளவு பெரிய முகத்தில் அந்த மனிதர் உதட்டையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார். பிறகு தோள் ஒரு துடிப்புத் துடித்தது. மாப்பிள்ளையின் கை தானாக நீண்டது. எதிரில் குத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் காற்று. நீட்டிய கை திரும்புவதற்குள் அந்த உலக்கை வந்து விலாவில் இறங்கியது. கொட்டகையே "ஆ" என்றது.

மறுபடி உதடு. மறுபடி கை. மறுபடி உலக்கை. பக்கத்தில் நின்ற எக்ஸ்ரே எடுப்பவர், "பாத்தீங்களா, நான் சொன்ன வழிதான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுற்று முடிந்து மாப்பிள்ளை ஸ்டூலில் வந்து விழுந்தார்.

"மாமா, அந்த உதட்ட எங்கயோ பாத்திருக்கேன்."

"தண்ணி குடிங்க மாப்ளே" என்றேன்.

மகள் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். பேத்தி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, உதடு பிதுங்குற வரைக்கும் ஏன் பாத்துட்டு நிக்கிறீங்க?"

"அவன் குத்தட்டும்னு..."

"அவரு குத்த மாட்டாரு. நீங்க குத்துவீங்கன்னுதான் காத்துட்டு இருக்காரு. நான் எப்படித் தூக்குறேன்? போங்க, முதல்ல போங்க."

"முதல்லயா?"

பறக்கச் சொன்னது மாதிரி கேட்டார். மணி அடித்தது.

பாய்லர்காரர் உதட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார். அது பாதி வெளியே வந்திருக்கும், மாப்பிள்ளை ஓர் அடி முன்னால் வைத்து இடது கையால் நேராக மூக்கில் ஒன்று கொடுத்தார். சின்னக் குத்துதான். ஆனால் அது அவர் வாழ்க்கையில் முதலில் அடித்த அடி. பாய்லர்காரர் உதட்டை உள்ளே இழுக்க மறந்து அப்படியே நின்றார். அவர் முகம் கோபமாக இல்லை, கல்யாண வீட்டில் யாரோ பந்தியை மாற்றி உட்கார வைத்தது போலக் குழம்பியிருந்தது. ஏமாற்றுவதற்காகப் பிதுக்குகிறவன் அந்த நேரத்தில் குத்தத் தயாராக இருக்க மாட்டான். அது அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. கேன்டீனில் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சுற்று முழுக்க மாப்பிள்ளை கடன் தீர்ப்பது போல முதல் அடியாகவே அடித்தார்.

கடைசிச் சுற்றில் இரண்டு பேருமே முதலில் போனார்கள். அதில் வித்தை எதுவும் மிச்சமில்லை. இரண்டு மாடு முட்டிக்கொண்டது போல இருந்தது. மணி அடித்தபோது ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

பல் டாக்டரும் தோல் டாக்டரும் பாய்லர்காரருக்குப் போட்டார்கள். கண் டாக்டர் மட்டும் மாப்பிள்ளைக்குப் போட்டார். பிறகு விசாரித்ததில், இரண்டு பேரையும் மாற்றிப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

ஆக, தோல்வி. மகள் பேத்தியின் துணியைச் சரி செய்துகொண்டே இருந்தாள். மாதக் கடைசி எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

சூப்பரின்டெண்டு மேடை ஏறிக் கோப்பையைக் கொடுத்தார். ஜெயித்தவரை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பாய்லர்காரர் மைக்கைப் பிடித்தார். அவருக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"இவ்வளவு வருசமாத் தோத்தேன். இந்த வருசம் ஜெயிச்சேன்னா அதுக்கு ஒரே காரணம் நம்ம லாண்டரி அண்ணன்தான். அவருதான் எனக்கு எல்லாத்தையும் செஞ்சு காமிச்சாரு. உதடு முதல்ல, தோளு அப்புறம்னு. அண்ணே, எந்திரிச்சு நில்லுங்க!"

நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். என் மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத என் படிப்பு போதாது.

மாப்பிள்ளை மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவர் சூப்பரின்டெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பரின்டெண்டு மேடையை விட்டு இறங்க ஒரு காலைத் தூக்கியிருந்தார். மாப்பிள்ளை மெல்ல நடந்து படிக்கட்டுக்கு எதிரில் போய் நின்றார். துரத்தவில்லை. வழியில் நின்றார், அவ்வளவுதான். பெரியவர் வலது பக்கம் நகர்ந்தார், இவரும் நகர்ந்தார். பெரியவருடைய முதுகு எங்கள் துணிக்கயிற்றில் போய் முட்டியது.

அப்போது மாப்பிள்ளை கீழுதட்டைப் பிதுக்கினார்.

பக்கத்தில் நின்ற பாய்லர்காரர் கையில் மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. அழப்போகிறான், தீர்ப்பைப் பற்றிச் சண்டை போடப்போகிறான் என்று பெரியவர் முந்திக்கொண்டார். "தம்பி, நடுவர்கள் தீர்ப்பே இறுதியானது. அதுல நான் எதுவும்..."

"தீர்ப்பு சரிதான் ஐயா. என்னைவிட நல்லாத்தான் அடிச்சாரு" என்றார் மாப்பிள்ளை. பெரியவர் வாய் திறந்தபடி இருந்தது. "லிஃப்ட்ட நிறுத்துறீங்க. எனக்கு எங்க வேலை?"

அவ்வளவு நீளமாக அவர் தானாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"அது... நீங்க எழுத்துல..."

"எழுத்துல குடுத்தா நேர்ல வரச் சொல்வீங்க. நேர்ல வந்தா நீங்க இருக்க மாட்டீங்க. இப்போ நீங்களும் இருக்கீங்க, நானும் இருக்கேன்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று பெரியவர் பழைய பழக்கத்தில் திருப்பிப் போட்டார்.

"பாய்லர் அறையில ஒரு ஆளு குறையுதுன்னு நினைக்கிறேன்."

"ஆமாமா, குறையுது!" என்றார் பாய்லர்காரர், கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு. "ரெண்டு வருசமா எழுத்துல குடுத்துட்டுத்தான் இருக்கேன்."

கொட்டகையில் நர்சு, டிரைவர், தோட்டக்காரர், கேன்டீன் ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் கயிற்றோரம் நெருங்கி வந்தார்கள். பெரியவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கயிறு அவர் முதுகைத் திருப்பித் தள்ளியது.

"சரி" என்றார். மைக்கில் அது கொட்டகை முழுக்கக் கேட்டது. அப்போதுதான் மைக்கைக் கவனித்தார். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

இப்போது மாப்பிள்ளைக்குப் பாய்லர் அறையில் வேலை. அங்கே மணி கிடையாது. அழுத்தம் ஏறுவதற்கு முன்னால் தானாகவே எழுந்துபோய் நெருப்பைக் குறைக்க வேண்டும். முதல் வாரம் திண்டாடினார். பாய்லர்காரர் பின்னாலிருந்து ஒவ்வொரு முறையும், "போங்க, முதல்ல போங்க" என்று என் மகள் குரலிலேயே சொல்வாராம். இப்போது நான் நீராவி கேட்கப் போவதற்குள் நீராவி வந்துவிடுகிறது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்தப் பக்கம் போய்ப் பேத்தி கதை சொல்ல ஒரு சாக்குப் போய்விட்டது. போனாலும், "அப்பா, வாயத் தொறக்கக் கூடாது" என்று மகளுடைய உத்தரவு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பாய்லர்காரர் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கோப்பையைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். இது குருவுக்குத்தான் சேர வேண்டும் என்று தொட்டில் பக்கத்தில் வைத்தார். பேத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கீழுதடு மெல்ல வெளியே வந்தது. ஒரு தோள் உயர்ந்தது.

அந்த வித்தையைத் தெரிந்து வைத்திருந்த இரண்டு பயில்வான்களும் ஒரே நேரத்தில் தொட்டிலை நோக்கிப் பாய்ந்து தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். பேத்தி ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.